வேலை நடக்குற இடம்

இல்ல தம்பி, அந்தப் பக்கமா போகாதீங்க. புல்லுக்குள்ள துருப்பிடிச்ச கம்பி நீட்டிக்கிட்டுக் கெடக்கு. போன தடவ வந்தவரு பேன்ட்டக் கிழிச்சுக்கிட்டுத்தான் போனாரு. இப்படிச் சுத்தி வாங்க. நகராட்சியிலேருந்துதானே? நீங்க போட்டோ எடுக்கும்போதே நெனச்சேன். காலி மனையப் போயி யாரு போட்டோ எடுப்பா, உங்க ஆபீஸ விட்டா?

எதிர்ல சைக்கிள் கடை தெரியுதா, அதுக்கு மேலதான் நம்ம வீடு. வீடுன்னா என்ன, ஒரு ரூமு. ஜன்னலத் தொறந்தா இந்த மனைதான் முழுசாத் தெரியும். அதான் யாரு வந்தாலும் எறங்கி வந்துருவேன். வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு எனக்கு?

வழக்கமா கண்ணாடி போட்டவரு ஒருத்தரு வருவாரே, அவரு வரலையா? ஓ, ரிட்டையர் ஆயிட்டாரா. நல்ல மனுஷன். பேசுனா நின்னு பேசுவாரு. எங்க வீட்டுக்காரருக்கு இந்த விவரமெல்லாம் சொன்னதே அவருதான். எங்கெங்க வீடு கட்ட அனுமதி கொடுத்திருக்கோ, அங்கெல்லாம் வருஷத்துக்கு ஒருக்கா போயி, கட்டுறானா தூங்குறானான்னு பாத்து எழுதுறதுதான் உங்க வேலையாமே. கல்யாணத்தப் பண்ணி வெச்சிட்டு, வந்து வந்து வயித்தப் பாக்குற மாமியார் வேலை. சிரிங்க சிரிங்க, தப்பா ஒண்ணும் சொல்லலையே.

அந்த போர்டப் பாத்தீங்களா? பால்கனியில ஒரு பொண்ணு காப்பிக் கப்பக் கையில வெச்சிக்கிட்டு நிக்குதே. கீழ கம்பெனி பேரு மூணு தடவ மாறிப்போச்சு, அந்தப் பொண்ணு மட்டும் மாறல. வெயில்ல மூஞ்சியே வெளுத்துப்போச்சு, சிரிப்ப விடுவேனாங்குது.

இங்கதான் தம்பி நாங்க குடியிருந்தோம். இந்த இடம் பூரா வரிசை வீடு, உங்க நகராட்சி கட்டுனதுதான். நீங்க நிக்கிறது அநேகமா எங்க சமையக்கட்டு. பரவாயில்ல, நில்லுங்க. பழசாயிருச்சு, இடிச்சு ஒரு கம்பெனிகிட்டக் கொடுத்து அடுக்குமாடி வரப்போகுதுன்னாங்க. முன்னாடி இருந்தவங்களுக்குத்தான் மொத வீடுன்னு கம்பெனிக்குக் கொடுத்த அனுமதியிலயே நிபந்தனை போட்டாங்க. சரின்னு சாமானத் தூக்கிட்டு வெளிய வந்தோம். ஆளுக்கொரு திசையாப் போயிட்டாங்க, கொஞ்சம் பேரு போயே சேந்துட்டாங்க. நாங்கதான் கண்ணுக்கு எதிர்லயே இருப்போம்னு இந்த மாடிய வாடகைக்குப் புடிச்சோம். எலவு காத்த கிளின்னு சொல்லுவாங்களே, அது நாங்கதான்.

அந்த அனுமதி உசுரோட இருந்தாத்தான் எங்க வீடும் உசுரோட. அது செத்துச்சுன்னா நிபந்தனையும் கூடவே செத்துரும். அப்புறம் இந்த எடத்துல எவனும் எதையும் கட்டலாம், எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அது வரைக்கும் எனக்குத் தெரியும்.

கட்டுனானான்னு கேக்குறீங்களா? இந்தா இருக்கே, இந்த வாணந்தான் கட்டுனது. அஸ்திவாரத்துக்கு நீளமா பள்ளம் எடுப்பாங்கல்ல, அது ஒண்ண எடுத்துட்டு மெஷின ஏத்திக்கிட்டுப் போனவன்தான். வேலை ஆரம்பிச்சாச்சுன்னு காட்டுறதுக்கு அது போதுமாம். கட்டுறதுல என்ன லாபம், கட்டாம வெச்சிருந்து அடுத்தவன் தலையில கட்டுறதுலதான் லாபம். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு வித்துச்சு, அது இன்னொண்ணுக்கு வித்துச்சு. செங்கல்லுன்னு ஒண்ணு இந்த எடத்துக்கு வரல.

கண்ணாடிக்காரரு ஒரு தடவ மனசு கேக்காமச் சொன்னாரு. புல்லு மூடி வாணம் தூந்துபோச்சுன்னா, வேலையக் கைவிட்டாங்கன்னுதாம்மா நான் எழுதணும், அப்புறம் அனுமதி நிக்காதுன்னு. அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு சரியாவே சாப்புடல.

நீங்க இப்ப என்ன எழுதப்போறீங்க? வேலை நடக்குதுன்னா? எத வெச்சு? ஆங், மண்ணு ஈரமா இருக்கு, புல்லு செதுக்கியிருக்கு. சரிதான். சந்தோஷம் தம்பி.

நல்லவரா இருக்கீங்க, ஒண்ணு கேக்கட்டுமா? என் மகளும் மருமகனும் ரெண்டு புள்ளைங்களும் எங்கூடத்தான் இருக்காங்க, அந்த ஒரே ரூம்ல. நடுவுல பழைய போர்வையக் கட்டி விட்டிருக்கோம். மருமகன் லாரி ஓட்டுறாரு. ஊருக்கு வந்தாலும் கூச்சப்பட்டுக்கிட்டு லாரியிலயே படுத்துக்குறாரு. எங்க தேடியும் கைக்கு எட்டுற வாடகையில வீடில்ல. ஆத்தோரமா நகராட்சி நிலம் சும்மாத்தானே கெடந்துச்சு, அதுல சின்னச் சின்ன வீடாக் கட்ட விடுங்கன்னு கொஞ்சம் பேரு சேந்து கேட்டாங்க. எம்மகளும் அவங்களோட அலையா அலைஞ்சா. ஒவ்வொரு தடவையும் புது நிலம் தேவையில்ல, புது நிலம் தேவையில்லன்னே அனுப்பிட்டாங்க. ஜனம் இப்படிப் புழுங்கிக்கிட்டுக் கெடக்கையில எப்படித் தம்பி தேவையில்லாமப் போகும்?

மெதுவாச் சொல்லுங்க, எனக்கு அவ்வளவு படிப்பில்ல. ஊருக்கு இன்னும் அஞ்சு வருஷத்துக்கு எத்தன வீடு வேணுமோ, அத்தனைக்கும் நிலம் கையிருப்பு இருக்கணும். சரி. அது இருந்துச்சுன்னா வீடு கட்டப் புது நிலத்தத் தொறந்து விட மாட்டாங்க. சரி. இப்ப கையிருப்பு இருக்கா? இருக்கா! எங்க இருக்கு?

இதுவா?

அனுமதி உசுரோட இருக்குன்னு இந்தப் புல்லுக்காட்டையா வீடுன்னு எண்ணிருக்கீங்க? ஏட்டுச் சுரைக்காய்னு கேள்விப்பட்டிருக்கேன், ஏட்டு வீட்ட இப்பத்தான் பாக்குறேன். இது மட்டும் இல்லையா. சரி, இத மாதிரி அங்கங்க இருக்கும். ஆனா இதுதான் பெருசா. இது ஒண்ணு கணக்குலேருந்து போயிருந்தா கையிருப்பு பத்தாமப் போயிருக்கும். அப்ப ஆத்தோரத்தத் தொறந்துதான் ஆகணும், அப்படித்தானே? போன வருஷமே தொறந்திருப்பாங்களா?

ஆமாங்குறீங்க. அப்ப இப்ப இது கணக்குலேருந்து போனா? இப்ப தொறக்க மாட்டாங்களா? ஏன்? ஓ, அத குடோன் கட்டுறதுக்குக் கொடுத்தாச்சா. எப்ப? போன மாசமா.

இருங்க தம்பி, இந்தக் கல்லுல கொஞ்சம் உக்காந்துக்குறேன். நீங்க உங்க வேலையப் பாருங்க.

அந்த மண்ண கம்பெனிக்காரன் வெட்டுனான்னா நெனச்சீங்க? அவன் இந்தப் பக்கம் தலவெச்சுப் படுத்தே பல வருஷம் ஆச்சு. வெட்டுனது எங்க வீட்டுக்காரரு. கண்ணாடிக்காரரு புல்லு மூடுனாப் போச்சுன்னு சொன்னாரே, அந்த வாரமே ஒரு மம்பட்டிய வாங்கிட்டு வந்துட்டாரு. உங்க ஆபீஸ் ஆளுங்க வர்ற சமயம் பாத்து வருஷா வருஷம் எறங்கிருவாரு. புல்லச் செதுக்கி, உள்ள சரிஞ்ச மண்ண அள்ளி வெளிய போட்டு, கரைய நேராக்கி, வேலையாளுங்க இப்பத்தான் சாப்புடப் போனாங்கன்னு நம்புற மாதிரி பண்ணிட்டு வருவாரு. பஸ் கண்டக்டரு தம்பி அவரு. டிக்கெட்டு கிழிச்ச கையி கொப்புளமா கொப்புளிச்சுக் கெடக்கும். இந்த வித்தைய எங்க கத்துக்கிட்டீங்கன்னு நான் கேலி பண்ணுவேன். வீடு வரட்டும், அப்புறம் பேசுறேன் உன்னன்னுவாரு. நமக்குன்னு ஒரு கதவு, அத உள்பக்கமாத் தாப்பாப் போட்டு ஒரே ஒரு நாளு படுத்து எந்திரிச்சாப் போதும்னுவாரு. இந்த வருஷம் மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போயிட்டாரு. நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியிலயும் இதத்தான் பேசுனாரு, புல்லு வளந்துரும் புல்லு வளந்துரும்னு.

நேத்து நான் எறங்குனேன். ரெண்டு வெட்டு வெட்டுறதுக்குள்ள மூச்சு முட்டிப்போச்சு. மம்பட்டியப் புடுங்கிக்கிட்டு இவ்வளவையும் வெட்டுனது எம்மக. அப்பா இத்தன வருஷம் காப்பாத்துனத நம்ம விட்டுரக் கூடாதும்மா, காப்பாத்துனத விட்டுரக் கூடாதும்மான்னு சொல்லிச் சொல்லி வெட்டுனா.

நீங்க எது சரின்னு படுதோ அத எழுதுங்க, நான் எதுவும் சொல்லல. வேலை நடக்குதுன்னு எழுதுனா காத்துக்கிட்டே கெடப்போம். நின்னுபோச்சுன்னு எழுதுனா காத்துக்கெடக்கக்கூட ஒண்ணும் இருக்காது. ரெண்டும் ஒண்ணுதான்.

அந்தா, படியில எறங்கி வர்றா பாருங்க. உங்களுக்குத்தான் தண்ணி எடுத்துட்டு வர்றா. ஆத்தோரத்தப் பத்தி இப்ப எங்கிட்டச் சொன்னீங்கல்ல, அத அவகிட்டச் சொல்லிராதீங்க தம்பி. தண்ணிய வாங்கிக் குடிங்க. வாணம் நல்லா எடுத்திருக்காங்கன்னு அவ காதுபட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.