மோந்து பார்க்கிறவள்

எங்கள் வீட்டில் கெட்டுப்போன பாலை யாரும் குடித்ததில்லை, ஐயா. காய்ச்சுவதற்கு முன் பாத்திரத்தை என் மூக்கருகே நீட்டி, "கொஞ்சம் மோந்து பாரேன்மா" என்பார் என் கணவர். நல்ல சமையல்காரர். ஒரு காய்ச்சலில் வாசனை அடியோடு போய்விட்டது, கூடவே வேலையும் போனது. அதற்குப் பிறகு என் மூக்குதான் அவருக்கும் மூக்கு.

என் பிழைப்பு பழ ஈயின் மூளையோடு. கசகசா அளவுதான் இருக்கும். ஈயின் உணர்கொம்பில் பட்ட வாசனை எந்த நரம்பு வழியாக எந்த முடிச்சுக்குப் போகிறது, அங்கிருந்து எங்கே தாவுகிறது என்று கணினித் திரையில் இழை இழையாகத் தேடி வரைபடம் போடுவோம். "நான் வீட்ல ஈ ஓட்டுறேன், நீ ஆபீஸ்ல ஈ ஓட்டுற" என்று சிரிப்பார். விஷப் பூஞ்சையின் வாடைக்கென்று தனி நரம்பு உண்டு. அதை மட்டும் முடக்கிவிட்டால் ஈக்கு வேறு குறையே இருக்காது. பறக்கும், ஜோடி சேரும், பசித்தால் நேராகப் போய் அந்தப் பூஞ்சைமேலேயே உட்காரும். பார்க்கப் பாவமாக இருக்கும்.

அவரைக் குறை சொல்லவில்லை. தங்கமான மனிதர். ஆனால் சோறு, சட்டை, குளியலறை, எல்லாவற்றையும் நான் மோந்து சொல்ல வேண்டும். வேலை நடுவே போன் வரும். "ஏதோ கருகுதோன்னு பயமா இருக்கு, வந்துட்டுப் போயேன்." ஓடுவேன். ஒன்றும் இருக்காது. வெளியூரில் பெரிய ஆய்வகம் கூப்பிட்டது, போக முடியவில்லை. அவரை விட்டுப் போகவும் வழியில்லை, கூட இருந்து மூச்சு விடவும் வழியில்லை. யாரிடம் போய் அழுவது என்றும் தெரியவில்லை.

அன்று காலை செருப்பு மாட்டும்போதே கேஸ் வாடை குப்பென்று வந்தது. அவர் வழக்கம்போல அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"ஒண்ணும் இல்லீங்க. டீ போட்டுக் குடிங்க."

"நீ சொன்னா சரி."

மாடிப்படி இறங்கும்போது திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கால் நிற்கவில்லை. தெருமுனை தாண்டியதும் சத்தம் கேட்டது.

கேஸ் குழாயை நான் தொடக்கூட இல்லை. அது தானாக விரிசல் விட்டது என்று உங்கள் போலீஸ் ஆட்களே சொன்னார்கள். போய்ச் சேரவேண்டிய ஒரு வாடையை நான் போகவிடவில்லை, அவ்வளவுதான். தீக்குச்சியை உரசியது அவர்தான், ஐயா.