ஈயம் போன சட்டி

செர்ரிப் பழத்தில் கொட்டை எடுப்பது பொறுமையான வேலை, ஐயா. கொண்டை ஊசியின் வளைந்த பக்கத்தைக் காம்புக் குழியில் விட்டு ஒரு சுழற்று சுழற்றினால் கொட்டை வெளியே வந்துவிடும். பழம் சிதையக் கூடாது. தேவகிருபைக்கு அது கைவரவில்லை. மிஷன் பள்ளியில் கேக் சுடப் படித்தவள்தான், ஆனால் எதிலும் அவசரம்.

அவள் என் தம்பி பெண்டாட்டி. இராயபுரத்தில் அந்த வீட்டு அடுப்படி பதினோரு வருஷம் என் கையில் இருந்தது. புருஷன் காலராவில் போனதும் தம்பிக்குச் சமைத்துப் போட வந்தவள் நான். அவள் வந்த பிறகு வெங்காயம் உரித்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. அதற்கு நான் முகம் சுளித்ததில்லை. அவளுக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது தம்பி சொன்னான்:

“அக்கா, கொழந்த பொறந்தா வூட்ல எடம் பத்தாது. நீ எண்ணூர்ல சித்தியாண்ட போய் இரு. கிறிஸ்துமஸ் கழிச்சு இட்டுகினு போய் வுடறேன்.”

சரி என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பிக்குத் துறைமுகத்தில் வேலை. டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கப்பலின் சமையல்காரன், ஐஸ் அறையிலிருந்து ஒரு பெட்டி செர்ரி கொடுத்தான். பாதியைக் கேக்குக்கு எடுத்தோம். மசக்கையில் அவளுக்கு அடுப்பு வாடை ஆகாததால், பானையில் மணல் பரப்பி, மூடி மேல் தணல் போட்டு நான்தான் சுட்டேன். அந்தக் கேக்கில் ஒரு குறையும் இல்லை. போலீஸ்காரர்கள் அதைச் சோதனைக்கு எடுத்துப் போனது வீண்.

மீதியைச் செம்புச் சட்டியில் பாகு காய்ச்சினேன். ஈயம் பூசும் பக்ருதீன் பாய் உங்களிடம் சொன்னது நிஜம். போன மாதம் சட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னா தாயம்மாக்கா, ஈயம் போயி உள்ள செம்பு பல்லிளிக்குது. புளிப்பு கிளிப்பு போட்டு வெச்சுடாத. களிம்பு ஏறி ஆளையே தூக்கிடும்” என்றார். அடுத்த தடவை பூசிக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன். அப்போது என் மனசில் ஒன்றும் இல்லை.

பாகை இறக்கியதும் பீங்கான் ஜாடிக்கு மாற்றுவது வழக்கம். ஜாடியும் கழுவிக் கவிழ்த்துத்தான் இருந்தது. ஐந்து நாள் மாற்றவில்லை. சட்டி ஓரத்தில் பச்சை படிந்தது. வழித்துக் கலந்தேன். செர்ரிச் சிவப்பில் அது தெரியவில்லை.

மசக்கைக்காரிக்குப் புளிப்பு என்றால் உயிர். ஒரு வாய் சாப்பிட்டு, “நாக்குல இன்னாவோ துவர்ப்பா கீதுக்கா” என்றாள். கப்பல் பழம் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் கொஞ்ச நாள் படுத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். வாந்தி நிற்கவில்லை. மசக்கை என்றே தம்பி எண்ணிக்கொண்டான். “அக்கா, நீ இப்ப எங்கியும் போவாத” என்றான். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

நாலாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்தாள். நாளையிலிருந்து நானே சமைக்கிறேன், நீ எண்ணூருக்குக் கிளம்ப மூட்டை கட்டு என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். சாயங்காலம் அந்தப் பாகில் இரண்டு கிண்ணம் கொடுத்தேன்.

குழந்தை முதலில் கலைந்தது. மறுநாள் அவள் போனாள். கடைசி வரைக்கும் தலை என் மடியில்தான் இருந்தது. “நீ மட்டும் இல்லன்னா என் கதி இன்னாக்கா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

ஆமாம், தெரிந்துதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். சீக்கிரம் முடித்து என்னை வீட்டுக்கு அனுப்பினால் புண்ணியமாகப் போகும். தம்பி எட்டு நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். பாவம், இனி அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?