இருமல் வண்டி

இளையபெருமாள் எனக்குத் தரவேண்டியிருந்தது நூற்று எண்பத்தாறு ரூபாய் ஐம்பது காசு. பண்ணையின் பம்புசெட்டை ஒரு போகம் முழுக்க ஓட்டிய கூலி. நிலத்துக்கு உச்சவரம்பு என்று சட்டம் வந்ததும் பண்ணையார் வயலைப் பல பேரில் பிரித்து எழுதிவிட்டு மெட்ராஸ் போய்விட்டார். கூலி என்றால் காரியக்காரர் இளையபெருமாளைத்தான் கேட்கவேண்டும். கேட்டேன். வைக்கோல் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த மோட்டார் சைக்கிளைக் காட்டினார்.

"இத எடுத்துட்டுப் போடா அரசப்பா. கையில பணம் வர்றப்ப குடுத்துட்டு வாங்கிக்கிறேன். வராட்டி பழைய இரும்புக்குப் போட்டுக்க."

ஐயா, நான் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதுவார் என்றீர்கள். வேண்டாம். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு சங்கத்து இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றவன் நான். கைநாட்டு வைத்தவன் சொன்னது ஸ்டேஷனில் என்னவாக மாறும் என்று எங்கள் தெருவுக்குத் தெரியும். நானே எழுதுகிறேன்.

அந்த மோட்டார் சைக்கிளை எங்கள் தெருவில் இருமல் வண்டி என்பார்கள். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்த வருஷம் இளையபெருமாள் அதில்தான் வருவார். பின்னால் சைக்கிளில் அடியாட்கள். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடி, நடுவில் ஒருமுறை சளி கட்டியவன் மாதிரி இருமும். ஆற்றங்கரையில் அந்த இருமல் கேட்டால் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடவேண்டும். ஆண்கள் ஆற்றைத் தாண்டி அக்கரைக்கு. பெண்கள் வாய்க்கால் ஓரத்துக் கோரைக்குள். ஆண்களைத்தான் பிடிப்பார்கள் என்று கூடிப் பேசி எடுத்த முடிவு அது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினேன். சைலன்சரில் எலி கூடு கட்டியிருந்தது. பிஸ்டன் இறுகிவிட்டது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். தினமும் வேலை முடிந்து வந்து கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுவேன். ஒருநாள் பல் விழுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு பிஸ்டன் அசைந்தது. டேங்குக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தேன். இருமலுக்கு என்ன காரணம் என்றும் பார்த்தேன். பொறி எழுப்புகிற இரண்டு முனைகளைப் பாயிண்ட் என்போம். அவற்றின் இடைவெளியை இளையபெருமாள் ஒருநாளும் பார்த்ததில்லை. இவ்வளவுதான். ஒரு தெருவையே ஓட வைத்தது ஒரு தகடு அளவுப் பிசகு.

சரிசெய்து உதைத்தேன். பட்டுப்போல ஓடியது. தெருவே கூடியது. அம்சம் என் பெண்சாதி. அவள் தம்பி ஐயாவு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மச்சான், மீசைய முறுக்கிக்கிட்டா அசல் காரியக்காரர்தான். எங்கள அடிக்க எப்ப வர்றீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்சமும் சிரித்தாள். "இதுவா அந்த வண்டி? சத்தமே வேறயா இருக்கே. பயமே வரலைங்க," என்றாள். ஏறி உட்கார்ந்து பார்க்கட்டுமா என்றும் கேட்டாள்.

எங்களுக்கு வேம்பு என்று ஒரு மகள் இருந்தாள். உட்காரப் பழகிய குழந்தை. வேலைநிறுத்தத்தின்போது ஒருநாள் வண்டி வந்தது. நான் முடிவுப்படி ஆற்றைத் தாண்டினேன். அம்சம் குழந்தையோடு கோரைக்குள் போனாள். அழுதால் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதன் வாயைப் பொத்தினாள். வண்டி போகிறவரை பொத்தியிருந்தாள். நான் திரும்பி வந்தபோதும் பொத்திக்கொண்டுதான் இருந்தாள். அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது என் பெருந்தன்மை. அதன்பிறகு அவள் சிரித்ததுமில்லை, வண்டி ஓடிய அன்றுவரை.

கோபம் என்றால் இளையபெருமாள் மேல்தானே வரவேண்டும் என்று கேட்டீர்கள். வராமல் இல்லை. ஆனால் பண்ணையார் மெட்ராஸில் இருந்தார். இளையபெருமாள் கையில் அடுத்த போகத்து வேலை இருந்தது. அம்சம் வீட்டில் இருந்தாள்.

பாயிண்ட்டைத் திரும்பக் கலைத்தேன். சரியாக வைப்பது சுலபம். பழைய இருமலைக் கொண்டுவருவதுதான் கஷ்டம். அவள் காதில் விழாதபடி வயல் நடுவே பம்புசெட்டுக் கொட்டகையில் வைத்துப் பார்த்தேன். இடைவெளி கூடினால் நின்றுவிடும். குறைந்தால் சும்மா படபடக்கும். கடைசியில் அது வந்தபோது என் கால்களே ஓடப்பார்த்தன.

மேட்டூர் திறந்து வாய்க்கால் கரை தட்டி ஓடியது. கோரையில் நுனிதான் வெளியே தெரிந்தது. பொழுது சாயும்போது அம்சம் வாய்க்கால் படியில் சட்டி விளக்குவாள். வண்டியின் விளக்கைப் போடாமல் கரைமேல் வந்தேன். நான்தான் வருகிறேன் என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வண்டி இருமியது. அவள் சட்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். வீட்டுப் பக்கம் ஓடியிருக்கலாம். நேராகக் கோரைக்குள் இறங்கினாள்.

கையை வீசியிருந்தால் கோரையையாவது பிடித்திருப்பாள். வீசவில்லை. ஒரு கையை மார்போடு மடக்கி, எதையோ அணைத்த மாதிரி வைத்திருந்தாள். இன்னொரு கையால் அதன்மேல் பொத்தியிருந்தாள். அப்படியே போனாள். நான் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஆற்றைத் தாண்டியவன்தானே.

கால் தவறி விழுந்தாள் என்றுதான் ஊர் நம்பியது. ஐயாவு அந்த இருமலைக் கேட்டிருக்கிறான். கேட்டதும் அவனும் ஓடியிருக்கிறான். ஓடி நின்ற பிறகுதான் வண்டி இப்போது யாரிடம் இருக்கிறது என்று அவனுக்கு உறைத்திருக்கிறது. அவன் உங்களிடம் சொன்னது உண்மை.

நீங்கள் வருவதற்கு முந்தின நாள் இளையபெருமாள் துக்கம் கேட்க வந்தார். சாவுச் செலவு இருக்கும் என்று நூற்று எண்பத்தாறு ரூபாய் ஐம்பது காசையும் என் கையில் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. வாக்குப்படி வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்கும் முன் பாயிண்ட்டை ஒழுங்காக வைத்துக் கொடுத்தேன். அவர் ஏறிப் போனபோது ஒரு இருமல்கூட இல்லை.

அவருக்கும் எனக்கும் இனிப் பாக்கி எதுவும் இல்லை. அம்சமும் எனக்குத் தரவேண்டியதைத் தந்துவிட்டாள். நான் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை.