இரண்டாவது சத்தம்

“நீயே மாட்டிக்குவியாம்மா, இல்ல நான் மாட்டிக் குடுக்கட்டுமா?” என்று கமருதீன் பாய் என்னைக் கேட்டார். பாகூர் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை அவருடையது. கடைகளில் என்னிடம் எது கேட்டாலும் அக்காதான் பதில் சொல்வாள். அன்றும் அவள்தான் சொன்னாள்.

“அம்சாவே மாட்டிடுவா பாய். வீடியோ பாத்துக் கத்துக்கினா. அவளுக்கு வாயிதான் இல்ல, கையி நல்லா வேலை செய்யும்.”

பாய் சிரித்துக்கொண்டே எட்டு ஜிபி ரேமை ஒரு வெள்ளிநிற உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். விரல் நீளத்துக்கு ஒரு பச்சை அட்டை, அவ்வளவுதான். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொறாமையில் செய்தேன் என்று யாராவது நினைக்கக்கூடும்.

கல்பனா அக்கா பி.காம். முடித்தவள். நான் பத்தாவதோடு நின்றவள். வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னார்கள், எனக்கு வாய் திறக்கவில்லை. மறுநாளும் எழுப்பினார்கள். மூன்றாம் நாள் நான் போகவில்லை. அதற்குப் பிறகு குருவிநத்தத்தில் எங்கள் வீடு, பின்னால் கரும்புக் கொல்லை, அக்கா, இவைதான் எனக்கு. அவள் வெளியே போனால் நான் உட்காரமாட்டேன். வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் எழுந்து போய்ப் பார்ப்பேன். அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் என் கால் ஓயும்.

பெங்களூரில் ஒரு கம்பெனி வேலைக்கு ஆன்லைனில் பரீட்சை வைத்தார்கள். போனில் எழுதக் கூடாது, லேப்டாப்பில் கேமரா எரிய வேண்டும், நடுவில் நின்றுபோனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அக்காவின் லேப்டாப்பில் நாலு ஜிபிதான் இருந்தது. கேமராவைப் போட்டாலே திணறி நின்றுவிடும். அதனால்தான் அந்த எட்டு ஜிபி.

செய்வது கடினமில்லை. அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்ற வேண்டும். அவற்றைக் கழற்றின வரிசையிலேயே ஒரு தட்டில் வைப்பேன். பழைய பஸ் பாஸை விளிம்பில் நுழைத்து மூடியை நெம்ப வேண்டும். பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டு, உடம்பில் மின்சாரம் தங்காமல் இருக்க ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொள்ள வேண்டும். பழைய அட்டையை எடுத்துவிட்டு, புதியதைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினால், இரண்டு பக்கத்துக் கொக்கிகளும் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பக்கமும் டக் என்று ஒரு சத்தம் வரும்.

முதல் தடவை எனக்கு ஒரு சத்தம்தான் கேட்டது. அது போதும் என்று நினைத்து மூடிவிட்டேன். பரீட்சையில் இருபதாவது நிமிடம் திரை கறுத்துப்போனது. அது தெரியாமல் நடந்தது. அதை என் தப்புகளோடு நான் சேர்ப்பதில்லை.

அன்று அக்கா என் மடியில் தலை வைத்து அழுதாள். “போவட்டும் வுடுடி. உன்ன வுட்டுட்டு எங்க போவப் போறேன்” என்றாள். அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். என் கால்கள் ஆடாமல் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மறுநாள் லேப்டாப்பைத் திறந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. இரண்டாவது கொக்கியையும் மாட்டிவிட்டேன். பாயிடம் கொண்டுபோனபோது அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அக்கா முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல் வேறு ரேம் மாற்றிக் கொடுத்தார்.

இரண்டாவது பரீட்சை சென்னைக் கம்பெனிக்கு. அதற்கு முந்தின நாள் ஒரு கொக்கியை நானே கழற்றி வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருந்தால் அசையாத வரைக்கும் ஓடும். டீ கொண்டுபோய் வைக்கும்போது முழங்காலால் மேசையை லேசாக முட்டினேன். டீ சிந்தவில்லை. அவள் அழுது முடிப்பதற்குள் பக்கத்து அறையில் அதைச் சரிசெய்துவிட்டேன். எப்போதும் சரிசெய்துதான் வைத்தேன், அப்படியே விட்டுவைத்ததில்லை.

அப்பா அக்காவின் ராசியைச் சொல்லித் திட்டினார். தைக்குள் வேலை கிடைத்தால் போகலாம், இல்லையென்றால் பாக்யராஜ் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்துவிடுவேன் என்றார். பாக்யராஜ் எங்கள் அத்தை மகன். கரும்பு வெட்டுக்கு ஆள் கூட்டிப்போகிறவர். நல்ல மனிதர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு தரம் தெருவில் வைத்து, பெற்ற தாயையே கரும்புக் கழியால் அடித்தார். எல்லோரும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். ஆனால் அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாவது வீடு.

மூன்றாவது பரீட்சை மார்கழியில் வந்தது. அக்காவுக்கு லேப்டாப் மேல் பயம் வந்துவிட்டது. கூடப் படித்த மஞ்சுளா வில்லியனூரில் இருக்கிறாள், அவள் வீட்டுக்குப் போய் அவள் லேப்டாப்பில் எழுதிவிட்டு வருகிறேன் என்று புடவையெல்லாம் மாற்றிவிட்டாள். நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

“நல்லா மாட்டி வச்சிருக்கேன்க்கா. எம்மேல நம்பிக்கை இல்லியா?”

நான் அவ்வளவு பேசியதே அவளுக்கு ஆச்சரியம். “உன்ன நம்பாம யாரடி நம்புவேன், லூசு” என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அன்று பத்து நிமிடம்கூட ஓடவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. லேப்டாப்பை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். எனக்கு அந்த மாதங்கள் நன்றாகத்தான் இருந்தன. கொல்லைப் பக்கம் நின்றால் அவள் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்கும். மாமா அடிக்கிற நாட்களில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள், அதனால் அடிக்கடி வந்தாள். நான் தைலம் தேய்த்துவிடுவேன். அவள் வலியில் முனகும்போது, பெங்களூரில் இருந்திருந்தால் இதை யார் செய்வார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன புதன்கிழமை மத்தியானம் வந்தாள். அப்பாவும் அம்மாவும் கொல்லையில் இருந்தார்கள். அவள் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. தோளில் ஒரு பை. மறுநாள் ஒரு பரீட்சை இருக்கிறது, மஞ்சுளா வீட்டில் எழுதப்போகிறேன், பாஸானால் அப்படியே பெங்களூர் என்றாள். மஞ்சுளாவிடம் இப்போது லேப்டாப் இல்லை, இதுதான் வேண்டும், ஒரு தரம் ரேமைப் பார்த்துக் கொடு என்று கேட்டாள். என் உள்ளங்கால் அரிக்கத் தொடங்கியது. திருகுகளைக் கழற்றித் தட்டில் வைத்தேன். ஒன்று உருண்டு ஓடியது, தேடி எடுத்தேன். மூடியைத் திறந்து அட்டையை எடுத்து, மறுபடி செருகி அழுத்தினேன். டக் என்றது. மூடியைக் கையில் எடுத்தேன்.

“ரெண்டு சத்தம் வரணும்லடி?” என்றாள் அக்கா.

நான் மூடியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ரேம் மாட்ட நான் பார்த்துக் கற்ற வீடியோவை, கைவலியில் தூக்கம் வராத நாட்களில் அவளும் போனில் பார்த்திருக்கிறாளாம். அதைச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடியே இடது கட்டைவிரலால் அட்டையின் மறு ஓரத்தை அழுத்தினாள். டக்.

“மூணு வாட்டியுமா?” என்று கேட்டாள்.

முதல் தடவை தெரியாமல் நடந்தது என்று சொல்ல நினைத்தேன். வாய் திறக்கவில்லை. அவள் ஒரு கையாலேயே மூடியைப் பொருத்தித் திருகுகளை முடுக்கினாள். அதற்கு அவளுக்கு நேரம் பிடித்தது. நான் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். லேப்டாப்பைப் பையில் வைத்துவிட்டு வாசல் வரை போய்த் திரும்பினாள்.

“எங்க போனேன்னு அந்தாளுகிட்ட சொல்லாத அம்சா. எனக்கு நீ அது ஒண்ணு செஞ்சா போதும்.”

தெரு திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தபோதுதான் மேசை மேல் சார்ஜர் கிடப்பதைக் கண்டேன். எடுத்து வைத்தேன், மறுபடி எடுத்தேன். வாசலுக்கும் கொல்லைக்கும் எத்தனை தரம் நடந்தேன் என்று தெரியாது. அந்தப் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பரீட்சை எப்போதும் மூன்று மணி நேரம். வேறு சார்ஜர் அதில் பொருந்தாது.

விளக்கு வைக்கும் நேரத்தில் மாமா வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு, கல்பனா எங்கே என்று என்னைத்தான் கேட்டார். இந்த முறை அக்கா முழுதாக எழுதட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு எந்த எண்ணமும் என் மனதில் இல்லை.

“வில்லியனூர்ல, மஞ்சுளாக்கா வூட்ல மாமா. சார்ஜர வுட்டுட்டுப் போயிடுச்சு” என்றேன்.

வெளி ஆள் ஒருவரிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. சார்ஜரை நீட்டினேன். மாமா அதன் ஒயரை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.