காலிக் கட்டம்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது சார். அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனி டீயை மனுஷன் குடிக்க முடியாது.

அங்கே மூளை என்று ஒன்று எனக்கு மட்டும்தான் இருந்தது. முதலாளி ஆத்தப்பனுக்குச் சொந்த பாஸ்வேர்டே நினைவிருக்காது. ஆட்களின் விவரம் அடங்கிய டேட்டாபேஸைக் கட்டியவன் நான். யார் எந்த மிஷினில் நிற்பது என்பதைத் தினமும் காலையில் அதுதான் சொல்லும்.

பிறகு கம்ப்யூட்டர் வேலைக்கு என்று அனுப்பிரியா வந்து சேர்ந்தாள். டேட்டாபேஸில் ஒரு கட்டத்தைச் சேர்த்தாலும் எடுத்தாலும், யார், எப்போது, எதற்காக என்று பதிவாக வேண்டுமாம். தப்பு நடந்தால் ஒரே அழுத்தில் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடலாமாம். முதலாளி பூரித்துப்போனார்.

"இனிப் பயமில்ல கண்ணு" என்று அவளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தமிழ்செல்வா, நீயும் புள்ளைகிட்டக் கேட்டுக் கத்துக்க."

நான், அவளிடம். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

அவள் ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. நீக்கிய கட்டத்தை வரவழைத்தால் கட்டம்தான் வரும். அதற்குள் இருந்த விவரம் வராது. அதைத் தனியாக நகலெடுத்து வைப்பது என் பொறுப்பு. வைத்திருந்தேன்.

ஆட்களின் நோய்களைக் குறித்துவைக்கும் உடல்நலக் கட்டத்தை நீக்கினேன். காரணம் கேட்ட இடத்தில் 'பயன்படாதது' என்று என் பெயரிலேயே எழுதினேன். கை தவறிவிட்டதாக முதலாளியிடம் சொன்னேன். அனுப்பிரியா ஓடி வந்து கட்டத்தை மீட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். உள்ளே காலியாக இருப்பதை ஒரு முட்டாளும் திறந்து பார்க்கவில்லை. காலியாக இருந்தால் நோயில்லை என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொள்ளச் சொன்னதும் நான்தான்.

ஜெயபாண்டி விருதுநகர்ப் பக்கத்து ஆள். வலிப்பு உண்டு என்பதால், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளைத் தாண்டி அவனை விடுவதில்லை. மறுநாள் காலை, துணி வெட்டும் மிஷினுக்கு அவன் பெயர் வந்தது. சிரித்த முகமாக என் அறைக்கு வந்தான்.

"அண்ணே, என்னையக் கட்டிங்ல போட்ருக்கு. எனக்குச் சரியாயிருச்சுன்னு டாக்டர் எழுதிட்டாராண்ணே?"

மத்தியானம் வலிப்பு வந்தது. ஓடிக்கொண்டிருந்த கத்தியின் மேலேயே விழுந்தான். உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. தன் தப்புதான் என்று அனுப்பிரியா அழுதாள். இவ்வளவு நாளில் அவள் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அது.

நான் யாரையும் தொடவில்லை சார். ஒரு கட்டத்தை நீக்கினேன், அவ்வளவுதான். அவன் வந்து கேட்டபோது அவனுடைய பழைய விவரம் என் திரையில் திறந்தே இருந்தது. 'கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா, போய் நில்லுடா' என்றேன். கட்டம் காலி என்பதை அவள் எப்போதுதான் கண்டுபிடிக்கிறாள் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.