பூஜ்யம் காட்டிய படம்

கை கழுவுவதில் நான் கொஞ்சம் கண்டிப்பான ஆள். முழங்கை வரை, சோப்பு போட்டு, நிதானமாக. சமைக்கப் போன மனைவியையே குழாயடிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "உங்களோட குடும்பம் நடத்துறதுக்கு ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்திருக்கலாம்" என்பாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கோப்பில் 'அலட்சியம்' என்று எழுதியிருக்கிறீர்கள் ஐயா. அதை அடித்துவிடுங்கள். வேறு எது வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அலட்சியமாக நான் எதையும் செய்ததில்லை.

உணவுப் பாதுகாப்பு ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் தட்டு பார்த்தவன் நான். சந்தைக்குப் போகும் பால், மாவு எதுவானாலும் துளி எடுத்து, கிருமிக்குத் தீனி தடவிய கண்ணாடித் தட்டில் விட்டு, வெப்பப் பெட்டியில் இரண்டு நாள் வைப்போம். கிருமி இருந்தால் புள்ளி புள்ளியாக முளைக்கும். எண்ண வேண்டியதுதான் பாக்கி. இரண்டு நாள் ஆகும், ஆனால் தட்டு பொய் சொல்லாது.

போன வருடம் படக்காரர் வந்தார். அந்தப் பெயர் நான் வைத்தது. வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துவிட்டு, பல நிற ஒளியில் படம் பிடிக்கும் ஒரு கருவியோடு வந்தார். பத்தே நிமிடம், எத்தனை கிருமி என்று திரையில் எண் வரும். மூன்று மாதம் என் தட்டையும் அவர் படத்தையும் ஒப்பிட்டார்கள். அச்சு அசலாக ஒத்துப்போனது. எப்படி ஒத்துப்போகாது? முந்தின நாள் வளர்த்த கொழுத்த கிருமியைத்தானே மாவில் கலந்து சோதித்தார்கள்! நிஜமான மாவில் அது மாதக்கணக்காகக் காய்ந்து, சுருங்கித் தூங்கும். படத்தில் தூசி மாதிரி தெரியும். வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால் எழுந்து உட்காரும்.

இதைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். "அப்போ கிருமிக்கு அலாரம் வைக்கலாமா?" என்றார் படக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். ஆய்வக இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

தட்டுப் பிரிவை மூடி என்னை மாதிரிகளைப் பதிவு செய்யும் மேஜைக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்த தட்டுகளில் நான் பாட்டுக்குச் சோதனையைத் தொடர்ந்தேன். ஒருமுறை, படம் சுத்தம் என்ற மாவில் ஆறு புள்ளி முளைத்தது. தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். படக்காரர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க கை சுத்தமா இருந்துச்சா?" என்று கேட்டார். என்னைப் பார்த்து, ஐயா. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகுதான் அந்தச் சத்து மாவு வந்தது. வயிற்று அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொடுப்பது. செவ்வாய்க்கிழமை கருவி பூஜ்யம் என்றது. அன்றே டின்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன. வியாழக்கிழமை என் தட்டைத் திறந்தால் எண்ண முடியாத அளவுக்குப் புள்ளி.

போனை எடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்து, வைத்துவிட்டேன். சொன்னால் என்ன ஆகும்? சத்தமில்லாமல் டின்னைத் திரும்ப வாங்குவார்கள். கருவியில் எதையோ திருகுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, என் கையை மறுபடி முகர்ந்து பார்ப்பார்கள். அந்தக் கருவியை வாங்க இன்னும் முப்பது ஆய்வகங்கள் வரிசையில் நின்றன. பட்டால்தான் புத்தி வரும் என்றால் பட விட வேண்டியதுதான்.

அந்த டின்கள் போன வார்டில்தான் என் தங்கையும் இருந்தாள். வயிற்றில் கட்டி எடுத்து எட்டு நாள். வெள்ளிக்கிழமை மாலை நான் போனபோது அவளுக்கு வந்த டின் இன்னும் திறக்கப்படவில்லை. "இந்தப் பவுடர் இவளுக்கு ஒத்துக்காது, சிஸ்டர். வேற கம்பெனியோடது குடுங்க" என்றேன். நர்ஸ் சரி என்று டின்னை எடுத்து, "இதை வீணாக்குவானேன், உங்களுக்கு இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்" என்று பக்கத்துப் படுக்கை அம்மாவிடம் கொடுத்தார். நான் நாற்காலியை ஓரமாக நகர்த்தி வழி விட்டேன்.

அந்த அம்மாவுக்கு நானும் தங்கையும் வைத்த பெயர் வானொலி. வாய் மூடாது. கணவர் பஸ் ஓட்டுகிறவர் என்பதில் தொடங்கி மகள் கல்யாணப் புடவையின் நிறம் வரை சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நான் தினமும் போனேன், பழம் வாங்கிப் போனேன், ஒவ்வொரு படுக்கையாக நின்று காய்ச்சல் எத்தனை, எப்போது தொடங்கியது என்று விசாரித்து நோட்டில் எழுதினேன். "உங்க அண்ணன் மாதிரி எனக்கொரு அண்ணன் இல்லாம போச்சே" என்று என் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை பேச்சு குறைந்தது. புதன்கிழமை படுக்கை காலியாக இருந்தது.

ஒன்பது பேர் குடித்தார்கள். ஏழு பேருக்குக் காய்ச்சல், நான்கு பேர் போய்விட்டார்கள். வருத்தம் இல்லையா என்கிறீர்கள். இருக்கிறது, அந்த அம்மாவின் கணவர் சீருடையோடு வந்து படுக்கையைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்க்க முடியவில்லை. ஆனால் இன்று அந்தக் கருவியை மூடிவைத்திருக்கிறார்கள், வரிசையில் நின்ற முப்பது ஆய்வகங்களும் வாங்காமல் திரும்பிவிட்டன. எத்தனை உயிர் பிழைத்தது என்று உங்கள் கோப்பில் எங்காவது எழுதியிருக்கிறதா?

என்னைப் பிடித்துக் கொடுத்தது தங்கைதான். நான் பழம் கழுவப் போன நேரத்தில் நோட்டைப் பிரித்துவிட்டாள். திரும்பி வரும்போது குடித்தவர்களின் ஒன்பது வரிகளையும் படித்து அழுதுகொண்டிருந்தாள். பத்தாவது வரிக்கு வந்ததும் அழுகை நின்றது. அதில் அவள்தான். பவுடர், இல்லை. காய்ச்சல் என்ற கட்டம், காலி.

"பாசத்துல நீ என்னைக் காப்பாத்துனேன்னு நெனச்சேன் அண்ணா. இதுல வெள்ளிக்கிழமை தேதி போட்டிருக்கு. யாருக்கும் காய்ச்சலே வரலையே அன்னைக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. கோபம் இறங்கினால் புரிந்துகொள்வாள். அதே வார்டு, அதே தண்ணீர், அதே நர்ஸ், பவுடர் மட்டும் குடிக்காத ஒருவர் ஒப்பிடுவதற்கு வேண்டாமா? இல்லாவிட்டால் தண்ணீரில் கோளாறு என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள். அந்த இடத்துக்குச் சொந்தத் தங்கையை விட்டால் நான் வேறு யாரை நம்புவேன்?