சாமான் அறையிலிருந்து வந்த அத்தியாயங்கள்

எழுத உட்காருகிறவன் மேசையை ஜன்னலுக்கு எதிரே போடக் கூடாது. தெருவில் போகிற சைக்கிளெல்லாம் கதைக்குள் புகுந்துவிடும். என் மேசை சாமான் அறைக் கதவை ஒட்டிக் கிடப்பதற்கு அதுதான் முதல் காரணம், சார். மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

வார இதழுக்குத் தொடர்கதை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் அத்தியாயம் போய்ச் சேர வேண்டும். புருஷன் அடைத்துவைத்த ஒரு பெண்ணின் கதை. ஆரம்பித்துவிட்டேனே தவிர, உள்ளே இருப்பவள் என்ன பேசுவாள் என்று பிடிபடவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அப்போதுதான் என் மனைவி போர்வை எடுக்கச் சாமான் அறைக்குள் போனாள். கதவு காற்றில் சாத்திக்கொண்டு, வெளித்தாழ்ப்பாள் விழுந்து இறுகிவிட்டது. முதலில் சிரித்தாள். அப்புறம் என்னைத் திட்டினாள். அதற்கப்புறம், செத்துப்போன தன் அம்மாவோடு பேச ஆரம்பித்தாள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. தச்சரைக் கூப்பிடக் கிளம்பியவன், உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிட்டேன்.

"இப்படி ஒரு பொம்பளைய நீங்க எழுதினதே இல்ல" என்று ஆசிரியர் போன் பண்ணினார். அதுவரை அவரிடம் திட்டு மட்டுமே வாங்கியவன் நான். அன்று அழுதுவிட்டேன்.

அடுத்த வாரம் மறுபடி வறட்சி. அவளிடம் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு அவளே உள்ளே போனாள். அடுப்பில் பால் இருக்கிறது, சீக்கிரம் திறந்துவிடுங்கள் என்றாள். நல்ல மனசு. ஆனால் தானாகப் போனவள் பேச்சில் உயிர் இல்லை. திறக்கத் தாமதித்தேன்; உயிர் வந்தது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும். அதன்பிறகு முன்கூட்டிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

நான் கொடுமைக்காரன் இல்லை. உள்ளே தலையணை போட்டிருந்தேன், தண்ணீர் வைத்திருந்தேன். ஒருமுறை கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். தாழ்ப்பாளையே கழற்றிவிடுகிறேன் என்று சொல்லிக் கூட்டி வந்தேன். சொன்னபோது மனசாரத்தான் சொன்னேன். ஆனால் தொடரை நீட்டச் சொல்லிவிட்டார்கள். அவளுக்காவது தட்ட ஒரு கதவு இருந்தது. நான் எதைத் தட்ட?

போன திங்கட்கிழமை ராத்திரி உள்ளே இருந்தபோது அவளுக்கு இழுப்பு வந்தது. சின்ன வயதிலிருந்தே உண்டு. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "மருந்து சமையலறைல இருக்குங்க. அத மட்டும் குடுத்துட்டு மறுபடி பூட்டிக்குங்க."

சார், அந்த மாதிரி ஒரு வரி எனக்குச் சாகும்வரை வராது. எழுந்து போனால் அடுத்த வரி தப்பிவிடும் என்று பயமாக இருந்தது. இந்தப் பக்கம் முடியட்டும் என்று இருந்தேன். இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு கேட்கவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன் என்று மறுநாள் காலையில் விசாரிக்க வந்த உங்களிடம் சொன்னேனே, அது பொய். எனக்குத் தெரியும். பக்கத்தை முடித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

கடைசி அத்தியாயத்தை ஆளே இல்லாமல் நானே எழுதி அனுப்பினேன். அதில் அவள் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிப் போய்விடுகிறாள். அடைத்துவைத்தபடியே முடித்திருந்தால் கதைக்கு இன்னும் கனம் கூடியிருக்கும். ஆனால் ஒரு பெண்ணை அப்படி விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.